கையை விடாதே

உள்ளரங்கக் குளத்தின் கதவைத் திறந்ததுமே அவள் மூக்கில் உறைத்தது. குளோரின் நெடியோடு கடல் வாசம். பாசியும் உப்பும் ஊறிய வாசம். கடலோ இங்கிருந்து வெகு தூரம்.

"உங்களுக்கு ஏதாவது வாசம் வருதா?"

காவலாளி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "எனக்கு வருஷம் பூரா சளிம்மா."

குளிர்காலத்தில் ஸ்கூபா கிளப்பார் கடலுக்குள் இறங்குவதில்லை. கருவிகளைப் பிரித்துத் துடைப்பார்கள், இந்த வெந்நீர்க் குளத்தில் பயிற்சி எடுப்பார்கள், பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்கள். மூச்சுக் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. குளிர் வந்து கடலில் இறங்குவது நிற்பதற்கு முன்னால் கடைசியாக இறங்கியபோது அவள் அண்ணனுக்கு ஜோடியாகப் போனவர், கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடும் கிளப் தலைவர். மேலே வந்தது கேப்டன் மட்டும்தான். அண்ணனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்று மாலை குளக்கரையில் நாற்காலி போட்டு, கேப்டன் அதைத்தான் பாடமாக எடுத்தார்.

"ஜோடியை விட்டுட்டுத் தனியாப் போனான். அதான் அவன் செஞ்ச தப்பு."

கேப்டன் அலறி அடித்துக்கொண்டு மேலே வந்ததைப் படகில் இருந்தவர்கள் பார்த்திருந்தார்கள். இப்போது எல்லோரும் தங்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க அண்ணன் யாரையும் விட்டுட்டுப் போறவன் இல்ல," என்றாள்.

"உன் வருத்தம் புரியுதும்மா."

அந்த 'அம்மா'தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்தது கலங்கல் தண்ணீருக்கான பயிற்சி. மாஸ்க்கைக் கறுப்புத் துணியால் மூடி, ஜோடியாகக் கைகோத்து, தரையோடு கிடக்கும் கயிற்றைத் தடவியபடி எதிர்க்கரைக்குப் போக வேண்டும். ஜோடியின் கையை ஒரு தரம் அழுத்தினால் 'நல்லா இருக்கியா?' என்று அர்த்தம். திருப்பி அழுத்தினால் 'இருக்கேன்.'

"என்கூட வா," என்றார் கேப்டன். "என்ன ஆனாலும் கையை விடாதே."

அவள் மறுக்கவில்லை. அண்ணனை விட்ட கை எப்படிப்பட்ட கை என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது.

இருட்டுக்குள் இறங்கியதும் காதுக்குள் தண்ணீரின் கனம் வந்து அடைத்தது. கயிற்றின் நார் விரலில் உறுத்த, எங்கோ மோட்டார் முனகுவது தரை வழியாக முழங்காலுக்கு ஏற, பாதி வழியில் கேப்டனின் கை நழுவிப் போய், அவள் திகைத்துத் துழாவுவதற்குள் மறுபடியும் வந்து சேர்ந்தது. இந்த முறை கை சில்லிட்டிருந்தது. தோல் ஊறித் தளர்ந்திருந்தது.

ஒரு தரம் அழுத்தினாள்.

திருப்பி அழுத்தியது.

அப்போதுதான் அவள் காது விழித்துக்கொண்டது. மூச்சுக் கருவியின் சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். இங்கே கேட்டது ஒரே மூச்சு. யாருடையது? தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

நிசப்தம்.

கை மட்டும் இருந்தது.

தரையை உதைத்து எழும்பினாள். மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள். எதிர்க்கரை எட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே, தோளில் துண்டோடு, கேப்டன்.

"காது வலிச்சுது, மேல வந்துட்டேன். நீ சமாளிச்சுக்குவேன்னு..."

அவர் பேச்சு அறுந்தது. அவள் பக்கத்துத் தண்ணீரையே பார்த்தார். நாற்காலிகள் கீழே சாய்ந்தன. எல்லோரும் பின்னால் போனார்கள். ஒருவர்கூட முன்னால் வரவில்லை.

அவள் வலது கை இன்னும் தண்ணீருக்குள். இன்னும் பிடியில்.

அது ஒரு தரம் அழுத்தியது.

அவள் திருப்பி அழுத்தவில்லை. குனிந்து பார்த்தாள். அண்ணன். திறந்த கண். திறந்த வாய். ஒரு குமிழிகூட இல்லை. அவன் பார்த்தது அவளை அல்ல, கேப்டனை.

குளத்தின் விளிம்பில், கேப்டனின் பாதத்தை ஒட்டி, அவன் மறு கையின் வெளுத்து ஊறிய விரல்கள் ஒவ்வொன்றாக ஏறிப் பதிந்தன.