சூரியனோடு சுற்றிய கொடி

பாசல் நகரத்து வைத்தியர் தியோபால்டின் தோட்டத்தில் ஹாப்ஸ் கொடிகள் நெடுங்கோல்களைப் பற்றி வளர்ந்திருந்தன. அவற்றின் உலர்ந்த பூக்களைத் தலையணையில் திணித்துத் தலைசாய்த்தால், உறக்கம் தானே வந்து இமைகளைத் தழுவும். அவருடைய பத்து வயது மகள் ஒட்டிலியா அன்று நண்பகலில் அப்படித்தான் உறங்கிப்போனாள்.

கனவில் ஒரு கொடி அவளது கட்டிலைச் சுற்றி ஏறியது. கிழக்கே எழுந்து, தெற்கே நகர்ந்து, மேற்கே செல்லும் சூரியனின் பின்னாலேயே அதுவும் மெல்ல மெல்ல வலம் வந்தது.

அப்பாவின் குரல் கேட்டு விழித்தாள். கீழே இறங்கிப் போனாள்.

அப்பா எழுதும் மூலிகை நூலுக்கான ஒரு தாள் அச்சாகி வந்திருந்தது. படத்தை மரப்பலகையில் செதுக்கிய லீன்ஹார்ட்தான் அதைக் கொண்டுவந்து நின்றார். முன்பு தேவாலயங்களுக்குப் புனிதர் சிலைகள் செய்தவர். ஊரில் பரவிய புதிய சமயக் கொள்கை சிலைகளை விலக்கிவிட்டதால், இப்போது அவரிடம் யாரும் சிலை கேட்பதில்லை. இந்த நூல்தான் அவருக்குக் கிடைத்த ஒரே வேலை.

"அப்பா, கொடி தப்பான பக்கம் சுத்துதே!" என்றாள் ஒட்டிலியா.

"கனவுல இருந்து நீ இன்னும் எந்திரிக்கலையா?" என்று சிரித்த அப்பா, ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"லீன்ஹார்ட், என்னய்யா இது? எதிர்ப்பக்கம் சுத்துறது வயித்தைக் கலக்குற கொடியாச்சே! தூக்கம் வராதவன் அதைக் காய்ச்சிக் குடிச்சா என்ன ஆகும்?"

"நீங்க வரைஞ்சதை ஒரு இலை மாறாம அப்படியே செதுக்கினேன் ஐயா."

"அப்படியே செதுக்கினா, பலகையில வலது பக்கம் இருக்கிறது தாள்ல இடது பக்கமா விழுமே!"

"போன வாரம் முள்ளங்கி சரியா வந்துச்சே..."

"முள்ளங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்ளங்கிதான்யா! பத்து நாள்ல இந்தத் தாளோட பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்குப் படகு கிளம்புது. மாத்திச் செதுக்க முடியுமா?"

"மனசுக்குள்ள திருப்பித் திருப்பிப் பார்த்துச் செதுக்கினா கை தடுமாறும் ஐயா. வேற ஆளைப் பாருங்க." லீன்ஹார்ட் தம் உளிகளைத் துணியில் சுருட்டத் தொடங்கினார்.

ஒட்டிலியாவின் பார்வை மேசையில் படிந்தது. ரொட்டி சுற்றிவந்த காகிதத்தில் வெண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடிபோல் தெளிந்து, அடியிலிருந்த மரத்தின் வரிகளைக் காட்டியது.

கிண்ணத்திலிருந்து கை நிறைய வெண்ணெயை அள்ளினாள். அப்பா வரைந்த படத்தின் மேல் பூசினாள்.

"ஐயையோ! அதை ரொட்டின்னு நினைச்சியாடி?" அப்பா அலறினார்.

அவள் படத்தைத் திருப்பி ஜன்னல் ஒளியில் பிடித்தாள். கொடி பின்பக்கமும் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் எதிர்த்திசையில் சுற்றியிருந்தது.

"மாமா, இதைப் பலகையில கவுத்து வெச்சு ஓரத்துல ஆணி அடிச்சுக்குங்க. கண்ணுக்குத் தெரியறதை அப்படியே செதுக்குங்க. அச்சுல தானா சரியாயிடும்!"

அப்பா படத்தை வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மிச்ச வெண்ணெயையும் எடுத்துட்டு வா. இன்னும் நாலு கொடி இருக்கு" என்றார்.

லீன்ஹார்ட் உளிகளை விரித்தார்.

ஒன்பதாம் நாள் புதிய தாள் வந்தது; அதில் கொடி சரியான பக்கம் சுற்றியிருந்தது.

"அடுத்து என்ன கொடி மாமா?"

"அவரைக்கொடி. ஆனா முதல்ல உன் பூனையைக் கட்டிப் போடு. வெண்ணெய் வாசத்துக்கு, என் உளியை விட அது நாக்குதான் பலகையில அதிகமா வேலை செய்யுது!"

ஒட்டிலியா சிரித்துக்கொண்டே தாளை ஜன்னலோரம் வைத்தாள். வெளியே கொடிகள் சூரியனோடு வலம் வந்தன. தாளிலும் ஒரு கொடி அவற்றோடு சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.