சத்தம் கேட்டால் அமுக்குங்கள்

பூங்காவின் கம்பிக் கதவைச் சாத்தியதும் தெருவின் இரைச்சல் நின்றுபோனது. குறையவில்லை, நின்றேபோனது. இரண்டு உயரமான கட்டிடங்களுக்கு நடுவே நாலு கார் நிறுத்தும் அளவு இடம்தான் அந்தப் பூங்கா. எதிரெதிரே இரண்டு பெஞ்சு, ஒரு மரம், ஈரமண் வாசனையோடு ஒரு செடிப் பாத்தி. கம்பிக்கு அந்தப் பக்கம் பஸ்கள் முண்டியடித்துக்கொண்டு போவது தெரிந்தது. சத்தம் மட்டும் உள்ளே வரவில்லை.

அவளுக்கு அது உறுத்தியது. காது கேட்கிறதா என்று சோதிப்பதுதான் அவள் வேலை. ஒலி புகாத அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். "சத்தம் கேட்டா அமுக்குங்க. லேசா கேட்டாலும் அமுக்குங்க." நாள் முழுக்க இதே பல்லவி. அந்த அறைக்கே அத்தனை தடிமனான சுவர் தேவைப்பட்டது. இங்கே வெறும் கம்பி. ஆனாலும் களைத்து வந்தவளுக்கு அமைதி கசக்குமா? வீட்டுக்குப் போனால் மகள் பிடித்துக்கொள்வாள். "அம்மா, இதைக் கேளேன்" என்று ஆரம்பித்தால் தூங்கும்வரை அந்த ஏழு வயது வாய் ஓயாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தேவலை என்று கண்ணை மூடி நினைத்துக்கொண்டாள்.

எதிர் பெஞ்சில் ஒருவர் பாத்தியை நோக்கித் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்ததும் வந்தாள். ஒருநாள் லிஃப்டின் மணி கேட்காமல் போனது. பிறகு வீட்டுக் கடிகாரம். தன்னையே அந்த அறையில் உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஒலியும் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் பெருவிரல் சரியாக அமுக்கியது. மெஷின் பொய் சொல்லாது என்று நம்பிப் பழகியவள், அன்றும் பூங்காவுக்குப் போனாள்.

இரவுச் சாப்பாட்டின்போது மகள் எதிரே நின்று வாயை அசைத்தாள்.

"விளையாடாத. சத்தமா சொல்லு."

மறுபடியும் வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"செவிடன் காதுல சங்கு ஊதின கதையால்ல இருக்கு!" என்றான் கணவன். "குழந்தை தொண்டை கிழியக் கத்துறா, உனக்கு விழலையா?"

அவன் குரல் கேட்டது. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. மகள் குரல் மட்டும் இல்லை. அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.

மறுநாள் மாலை மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு நேராகப் பூங்காவுக்கு வந்தாள். குரல் தொலைந்த இடம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"யாரோடது?" என்றார் எதிர் பெஞ்சுக்காரர், தலையைத் திருப்பாமலே.

"என் பொண்ணு குரல்."

"எங்க வீட்டம்மா குரலும் இங்கதான் இருக்கு. வாய் ஓயாம பேசுவா. கொஞ்சம் சும்மா இருக்க மாட்டாளான்னு இங்க உட்கார்ந்துதான் நினைச்சேன்."

"திரும்பக் கிடைக்குமாங்க?"

"கேக்கலாம். எடுத்துட்டுப் போக முடியாதும்மா."

"நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?"

அவர் பாத்திப் பக்கம் இன்னும் குனிந்தார். அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தாள். இரண்டும் கணுக்கால்வரை மண்ணுக்குள் இருந்தன. சுற்றிலும் புல் முளைத்திருந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவள் மண்டியிட்டாள். பாத்தியில் காதை வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

ஒன்றுமில்லை.

பிறகு, ஆழத்தில், லேசாக.

*அம்மா, இதைக் கேளேன்.*

பெருவிரல் தானாக அமுங்கியது. கையில் பொத்தான் இல்லை.

*அம்மா. எங்க பள்ளிக்கூடத்துல இன்னிக்கு...*

அமுக்கினாள்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நிமிர்ந்தாள். மகள். முகமெல்லாம் சிவந்து, கண்ணீர் வழிய, வாயை அகலத் திறந்து, கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை.

"உஷ்" என்றாள் அவள். "சும்மா இரு கண்ணு. அம்மா கேட்டுட்டிருக்கேன்ல."

மறுபடி காதைப் பதித்தாள். மண் அவள் விரல்களின் மேல் மெல்ல ஏறியது. பெருவிரல் அமுக்கிக்கொண்டே இருந்தது.