ஓட்டுநருக்கு வாந்தி வராது

விசாரணை அறையில் இருந்தவர்கள்: ஆய்வாளர் ஜெசிந்தா. ஏட்டு சன்னாசி. 'அரவம்' என்ற ரோலர் கோஸ்டர் ரயிலிலிருந்து உயிரோடு இறங்கிய ஏழு பேர். கேளிக்கைப் பூங்காவின் தரப்பில் தலைமைப் பொறியாளர் ரகோத்தமன். எட்டாவது பயணி வரவில்லை. அவள் பிணவறையில் இருந்தாள். பெயர் சுகந்தி.

ஏழு பேரும் கொலையை ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் ஒப்புக்கொண்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெற்றோர் கூட்டத்தில் பேசுவதுபோலப் பேசினார்.

"அந்தப் பொண்ணோட சீட்டுக் கொக்கிய நான்தான்மா தொறந்தேன்."

"நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"மொத வரிசை."

"அந்தப் பொண்ணு?"

"கடைசி வரிசை."

"உங்க கை?"

"கம்பியப் பிடிச்சிருந்துச்சு. ரெண்டு கையும்."

"அப்புறம் எப்படிம்மா தொறந்தீங்க?"

அவர் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார். "அது தெரியல. ஆனா தொறந்தது நான். இந்தக் கை திரும்புச்சு, கொக்கி விட்டுச்சு, அவ போயிட்டா."

அடுத்தவர் கறிக்கடைக்காரர். அவரும் அதையே சொன்னார், அழுதுகொண்டு. கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் தங்களுக்குள் சண்டையே போட்டார்கள். "டேய், நீ எதுக்குடா ஒத்துக்கிற? தொறந்தது நான்டா." "போடா, எனக்குத் தெரியாதா?"

சன்னாசி ஜெசிந்தாவின் காதருகே குனிந்தார். "மேடம், என் சர்வீஸ்ல ஒருத்தன ஒத்துக்க வைக்கிறதுக்குள்ள தாவு தீந்துரும். இங்க என்னடான்னா க்யூவுல நிக்கிறாய்ங்க."

ஏழாவது ஆள் பவுன்ராஜ். திண்டுக்கல்லில் பூட்டுக் கடை விற்பனையாள். சுகந்தியின் கணவன். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவன். அவன் யாரோடும் சண்டை போடவில்லை. "இவங்கல்லாம் என்னென்னமோ சொல்றாங்க மேடம். நான்தான்," என்றான். அவ்வளவுதான்.

ரகோத்தமன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் எதுவும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. அந்த அறையில் அப்படி இருந்தவர்கள் மூன்று பேர்: அவர், ஜெசிந்தா, சன்னாசி.

"நீங்க பொட்டு போடறதில்லையா சார்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"நான் ரயில்ல ஏறுறதில்லையே மேடம்."

முன்னுணர்த்தி என்பது அதன் அதிகாரப் பெயர். மக்கள் காதுப்பொட்டு என்றார்கள். காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஒட்டிக்கொள்ளும் சின்ன வில்லை. ரகோத்தமன் அதை விளக்கும்போது எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். ஜெசிந்தாவிடமும் கேட்டார்.

"கொடைக்கானல் பஸ்ல பாதிப் பேரு வாந்தி எடுப்பாங்க. டிரைவர் எடுத்து என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போறோம்னு அவருக்குத் தெரியும். திருப்புறதே அவருதான். அந்த உடம்புக்குக் குமட்டாது. நாங்க எல்லாரையும் டிரைவர் ஆக்கிட்டோம்."

வண்டி செய்யப்போவதை, அது செய்வதற்கு ஒரு கணம் முன்பு, பொட்டு மூளைக்குச் சொல்லிவிடும். 'வண்டி திரும்பப் போகிறது' என்று சொன்னால் மூளை நம்பாது. 'நான் திரும்புகிறேன்' என்று சொல்லும். மூளை நம்பிவிடும். அதனால்தான் அரவம் போன்ற ஒன்றைக் கட்ட முடிந்தது. அதன் தண்டவாளம் மலையடிவாரத்தில் தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் பாம்புபோல முறுக்கிக் கிடந்தது. பொட்டு இல்லாதவனை அதில் ஏற்றினால் குடல் வாய்க்கு வந்துவிடும். பொட்டு போட்டவன் இறங்கி, மறுபடி வரிசையில் நின்றான்.

பிறகு மலைப் பேருந்துகளுக்கும் அது வந்தது. வத்தலக்குண்டு நிலையத்தில் எலுமிச்சம்பழம் விற்றவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். பேருந்துகளின் பக்கவாட்டில் காய்ந்த வாந்திக் கோடுகள் இல்லை. இன்னொன்றும் மாறியிருந்தது. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் முன்பெல்லாம் பேருந்தே சேர்ந்து அவரைத் திட்டும். இப்போது உள்ளே இருக்கும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து "மன்னிச்சிருங்க" என்றார்கள். ஜெசிந்தா அதை ஒருமுறை நேரில் பார்த்திருந்தாள். மனிதர்களுக்குப் பண்பு வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவளுக்குப் பொட்டு பயன்படவில்லை. காவல் துறையின் பழைய ஜீப், தான் செய்யப்போவதை யாருக்கும் சொல்லாது. மலைப்பக்கம் போனால் முன் இருக்கையில் எலுமிச்சையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அப்படியும் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாகக் குனிவாள். முதுகுக்குப் பின்னால் அவளை எலுமிச்சை மேடம் என்பார்கள். அது அவளுக்குத் தெரியும்.

"ரயில் திரும்புறத மட்டுந்தான் பொட்டு சொல்லுமா?" என்று ரகோத்தமனிடம் கேட்டாள்.

"ரயில் செய்யற எல்லாத்தையும்."

"கொக்கி தொறக்கறதையும்?"

அவர் தண்ணீர் குடித்தார். "மேடம், ஏழு பேர் ஒத்துக்கிட்டிருக்காங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

மறுநாள் பூங்காவை அடைக்கச் சொன்னாள். நிர்வாகத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேளுங்கள், இங்கேயே நிற்கிறேன் என்றாள். மதியத்துக்குள் அனுமதி வந்தது. சுகந்தியின் இருக்கையில் ஒரு மணல் மூட்டையைக் கட்டினார்கள். அவள் விழுந்த அதே வளைவில் அதன் கொக்கியை இயந்திரமே திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஜெசிந்தா முதல் வரிசையில் ஏறி, காதுக்குப் பின்னால் பொட்டை ஒட்டிக்கொண்டாள்.

ரயில் உச்சியிலிருந்து சரிவில் விழுந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். குமட்டல் வரவில்லை. அவள் விழுந்தாள், அவளே எழுந்தாள், அவளே புரண்டாள். ஒவ்வொரு வளைவையும் நீச்சல்காரன் தண்ணீரைத் தள்ளுவதுபோல அவளே தள்ளினாள். நாற்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒரு வண்டி அவள் உடம்புக்குக் கீழ்ப்படிந்தது. உரக்கச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் பிறகு அவளை உறுத்தியது. ஏனென்றால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வலது மணிக்கட்டு திரும்பியது, உள்ளே ஒரு சொடுக்கு விழுந்தது, பின்னால் மூட்டை போய்விட்டது. கம்பியைப் பிடித்த கை கம்பியிலேயே இருந்தது.

கீழே இறங்கியதும் முதலில் அவள் வாயிலிருந்து வந்தது, "நான்தான்."

"மேடம்," என்றார் சன்னாசி. "அது மூட்டைதான மேடம்?"

 அவளுக்கு எல்லாம் தெரியும், அவளே வைத்த சோதனை இது. அப்படியும் போய் அந்தக் கிழிந்த மூட்டையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். இயந்திரம் தவறாகக் கொக்கியைத் திறந்தது. திறக்கும் கட்டளை எல்லாப் பொட்டுக்கும் போனது. அதனால் ஏழு பேரும் தாங்களே திறந்ததாக நம்புகிறார்கள். ஏழு பேரும் நிரபராதிகள். அதிகாரிகள் முகத்தில் திகைப்பை எதிர்பார்த்தாள். அவர்கள் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சிறைத் துறையிலிருந்து வந்திருந்த ஒருவர், மெல்லிய குரல்காரர், கையைத் தூக்கினார்.

"ஒரு சின்ன சந்தேகம்மா. இதப் போட்டுக்கிட்டா, நாம அவங்களுக்குச் செய்யறத அவங்களே செஞ்சுக்கிட்டதா நெனப்பாங்களா?"

"ஆமா சார். அப்படியேதான் நெனப்பாங்க."

"சத்தம் கித்தம் போட மாட்டாங்க?"

"மாட்டாங்க சார். மன்னிப்புக் கேப்பாங்க."

"நல்லது," என்றார் அவர். தன் பக்கம் நின்று பேசுகிறார் என்று ஜெசிந்தா நினைத்தாள்.

ஆறு பேரை விட்டுவிட்டார்கள். பவுன்ராஜை விடவில்லை. பூங்காவின் வக்கீல் அழகாகப் பேசினார். ஆறு பேருக்கு இயந்திரம் தந்த எண்ணம், ஒருவனுக்கு உண்மை என்றார். பக்கத்தில் இருந்தவன் யார்? வரும் வழியில் மனைவியோடு வாய்த்தகராறு செய்தவன் யார்? ஏழு பேரில் பூட்டுத் தொழில் தெரிந்தவன் யார்? பொட்டைக் கழற்றிய சில நாளில் மற்ற ஆறு பேரும் குழம்பிப்போனார்கள், வக்கீல் வைத்தார்கள். பவுன்ராஜ் மட்டும் குழம்பவில்லை.

ஜெசிந்தா லாக்கப்பில் அவனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெஷின்தான் தொறந்துச்சுன்னு மாஜிஸ்ட்ரேட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுப்பா. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"அவ வேண்டாம்னுதான் சொன்னா மேடம். கொமட்டும், பயமா இருக்குன்னா. நான்தான் பொட்ட ஒட்டிவிட்டேன். ஒண்ணும் ஆகாது, நீயே ஓட்டுற மாதிரி இருக்கும்னேன்."

"அது வேற, இது வேற."

"எப்படி மேடம் வேற?"

அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டாள்.

"டீச்சரம்மாவுக்கும் அந்தப் பயலுகளுக்கும் பூட்டப் பத்தி என்ன தெரியும்? நான் நாளெல்லாம் தொறந்து தொறந்து காட்டுறவன். தொறக்கிறப்ப கைக்குள்ள ஒரு சொடுக்கு விழும். அன்னைக்கு விழுந்துச்சு."

"எனக்கும் விழுந்துச்சு. நானும்தான் தள்ளுனேன்."

"நீங்க தள்ளுனது மூட்டை மேடம்."

அவள் போகவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும். அரவத்தின் வரைபடத்தைத் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினாள். கட்டளை எங்கே பிறந்தது, எந்த வழியாகப் போனது, அவன் காதுக்கு எப்போது வந்தது. ஒரு நாள் அவன் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தான். கையை விரித்து மடக்கிப் பார்த்தான்.

"அப்ப நான் இல்லாட்டியும் அவ விழுந்திருப்பாளா?"

"விழுந்திருப்பா."

அவன் முதல்முறையாக மனைவிக்காக அழுதான். அதுவரை தனக்காகத்தான் அழுதிருந்தான். "சரி மேடம். சொல்லிடறேன்."

மலைமேல் கட்டிய புதிய கிளைச் சிறைக்கு அவனை மாற்றும் உத்தரவு அன்றே வந்தது. நீதிமன்றம் அங்கிருந்து பக்கம். மறுநாள் காலை அவன் பேசிவிட்டால் முடிந்தது. ஜெசிந்தா கூடவே கிளம்பினாள். பழைய ஜீப் இல்லை. பளபளவென்று புதுச் சிறை வேன். எலுமிச்சையைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டபோது, சோதனை நாளில் திருப்பித் தர மறந்த பொட்டு அகப்பட்டது. மறக்கவில்லை. அன்றைக்கு வண்டி கீழ்ப்படிந்ததை அவள் உடம்பு மறக்கவில்லை. ஒட்டிக்கொண்டாள். முதல் வளைவிலேயே வேனும் அவள் உடம்புக்குக் கீழ்ப்படிந்தது.

மூன்றாவது வளைவில் பவுன்ராஜ் ஓங்கரித்தான். நாள்கணக்கில் சரியாகச் சாப்பிடாதவன். வயிற்றில் வர ஒன்றுமில்லை. வெறும் பித்தம் வந்தது. ஐந்தாவது வளைவில் கண் சொருகியது. காவலர் ஒருவர் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டை நீட்டினார். "இதப் போட்டு விடுங்க மேடம். மேல போறதுக்குள்ள ஆளு செத்துருவான்."

அவள் தயங்கினாள். அவன் மறுபடி ஓங்கரித்தான். வெறும் சாலைதானே, வெறும் வளைவுதானே என்று நினைத்தாள். அவன் தலையைத் திருப்பி, காதுக்குப் பின்னால் வியர்வையைத் துடைத்து, பொட்டை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"ஒண்ணும் ஆகாதுப்பா," என்றாள்.

அவன் முகம் தெளிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான். மேலே போகப்போக வளைவுகள் நெருங்கின. அவன் ஒவ்வொன்றையும் தோளால் வாங்கினான். பாதையைத் தானே எடுத்துச் செல்பவனுடைய நிதானம் அவன் கண்ணில் வந்தது. சிறை வாசல் வந்ததும் வேனின் கதவு தானாகத் திறந்தது. யாரும் சொல்லாமல் அவன் இறங்கி நடந்தான்.

உள்ளே எல்லாம் புதுப் பெயின்ட் வாசனை. தாழ்வாரத்தின் இரு பக்கமும் கைதிகள், காதுக்குப் பின்னால் பொட்டோடு, அமைதியாக இருந்தார்கள். சத்தம் கித்தம் இல்லை. ரகோத்தமன் ஒரு கம்பிக் கதவருகே நின்று கைக்கருவியில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். காதுகள் வெறுமையாக இருந்தன.

"வாங்க மேடம். உங்க ரிப்போர்ட்ட வச்சுத்தான் இந்த ஜெயிலுக்குப் பொட்டும் கதவும் போடுற ஆர்டரே எங்களுக்குக் கெடச்சது."

"நீங்க எப்படி வந்தீங்க? அந்த வளைவுல?"

"என் கார நானே ஓட்டிக்கிட்டு வந்தேன்."

அவள் பவுன்ராஜின் பக்கம் திரும்பினாள். "காலையில வர்றேன். சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

அவன் அறைக்குள் நின்று அவளைப் பார்த்தான். பார்வையில் குழப்பம் இல்லை. "இல்ல மேடம். நான்தான். நீங்க நல்லவங்க, உங்களுக்காக மனச மாத்திக்கிட்டேன். ஆனா நான்தான்."

"பவுன்ராஜ், அதக் கழட்டு. காதுல இருக்கிறதக் கழட்டு."

"எதுக்கு மேடம்? நல்லா இருக்கு." கதவை நோக்கித் தலையசைத்தான். "இருங்க, நானே சாத்திக்கிறேன்."

அவன் கையை நீட்டவில்லை. கம்பிக் கதவு தன் பாட்டுக்கு நகர ஆரம்பித்தது. ஜெசிந்தா தன் காதுக்குக் கையைக் கொண்டுபோகப் பார்த்தாள். கீழே இறங்கும் வழியும் அதே வளைவுகள்தான் என்று உடம்பு அவளுக்கு நினைவூட்டியது. தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்படி நிற்கும்போதே அவள் வலது மணிக்கட்டு திரும்பியது. உள்ளே சொடுக்கு விழுந்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவே கதவு மூடிப் பூட்டிக்கொண்டது.