நிழற்குடைக்காரர்கள்

சமரசி இயந்திரம் வந்த பிறகு தாராபுரத்தில் பங்காளிச் சண்டைகள் நின்றுபோயின. வக்கீல்கள் சிலர் கோழிப்பண்ணை வைத்துவிட்டார்கள். சொத்துத் தகராறோ, வயதானவர்களை யார் பார்த்துக்கொள்வது என்ற தகராறோ, குடும்பம் அந்தச் சாம்பல் நிறப் பொறியின் முன் உட்கார்ந்தால் போதும். அது தீர்ப்புச் சொல்லாது. வழக்காடுபவரிடமே ஓர் அளவுகோல் கேட்கும். எல்லோரும் சம்மதித்தால் அதே கோலால் எல்லோரையும் அளக்கும். அளந்தது அளந்ததுதான்.

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து, சமரசியின் திறப்பு விழாவில் இரண்டு மணி நேரம் பேசியவர் முனைவர் சிந்தனைச்சுடர் பொழிலன். இப்போது தம்பி ஆதிரனோடு அதன்முன் அமர்ந்திருந்தார். அம்மாவுக்கு யார் பாதுகாவலர் என்பது வழக்கு. பாதுகாவலர் ஆகிறவர் வீட்டை விற்கலாம். அம்மாவை முதியோர் விடுதிக்கு அனுப்பலாம்.

எதிரே அம்மா, எழுபத்தோரு வயது ஹர்ஷிதா அம்மாள், கைப்பையை மடியில் வைத்திருந்தார்.

"அம்மாவால முடிவெடுக்க முடியறதில்லைங்க," என்றார் பொழிலன். "வீட்டை வித்தரலாமான்னு மூணு வருசமாக் கேக்கறோம்."

"வேண்டாம்னு மூணு வருசமாச் சொல்றேன் கண்ணு."

"பாருங்க," என்றான் ஆதிரன், "ஒரு முடிவுக்கும் வரமாட்டேங்கறாங்க."

"அளவுகோல்?" என்றது சமரசி.

பொழிலன் தொண்டையைச் செருமி மேடைத் தமிழுக்கு மாறினார். "தம் பொறுப்பிலுள்ள காரியத்தை மூன்றாண்டுகளாகியும் முடிக்க இயலாதவர் எவரோ, அவருக்குப் பாதுகாவலர் தேவை."

"கல்வெட்டுல வெட்டலாம்ணா!" என்றான் ஆதிரன். அண்ணன் சொன்னதை அவன் ஒப்புக்கொண்டது அன்றுதான்.

"எனக்கும் சம்மதமுங்க," என்றார் அம்மா.

"ஹர்ஷிதா அம்மாள், வீடு?"

"விக்கறதில்லை. கேட்ட அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"முடிந்த காரியம். பொழிலன், ஆதிரன்: உடுமலைச் சாலையில் உங்கள் அப்பா நினைவு நிழற்குடை?"

இருவரும் மேற்கூரையைப் பார்த்தார்கள். நிழற்குடை கட்டி முடிந்து ஆறு ஆண்டுகள். பலகையில் யார் பெயர் முதலில் என்று முடிவாகாததால் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. பேருந்துக்கு நிற்பவர்கள் அதன் பக்கத்தில் வெயிலில் நின்றார்கள்.

"மூத்தவன் பேருதானுங்க மொதல்ல..."

"இடம் புடிச்சுக் குடுத்தது யாரு? நானு!"

"முடியாத காரியம்," என்றது சமரசி. "பாதுகாவலர் தேவைப்படுவோர் இருவர். அளவில் தேறியவர் ஒருவர். ஹர்ஷிதா அம்மாள், ஏற்கிறீர்களா?"

"பெத்தவ நானு. வேற யாரு ஏத்துக்குவா?"

பொழிலன் எழுந்துவிட்டார். "இது அநியாயம்! மேல்முறையீடு செய்வேன்!"

"தாராளமாக," என்றது சமரசி. "மனுவில் உங்கள் பாதுகாவலரின் கையெழுத்து வேண்டும்."

முனைவர் சிந்தனைச்சுடரும் அவர் தம்பியும் ஒரே நேரத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைப்பையைத் திறந்தார். பேனா வரும் என்று பார்த்தார்கள், வந்தது கத்தரிக்கோல்.

"மொதல்ல போயி நிழற்குடையத் தொறந்துட்டு வாங்க. பலகையில அப்பா பேரு மட்டும் போதும். இந்தக் கத்தரிக்கோல ரெண்டு பேரும் சேந்து புடிச்சு நாடாவ வெட்டோணும். அப்பறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்."