முகம் மறக்கிற பெண்

"அய்யய்யோ... அந்த விளக்கை யாருங்க போட்டது?"

அவள் போட்ட சத்தத்தில், ஜன்னலோரம் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் துள்ளித் திரும்பினான். ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பைப் பழுது பார்க்க வந்தவன். லென்ஸைத் துடைத்து, விளக்கைப் போட்டுப் பார்த்தவன், அணைக்க மறந்து மழையில் சொக்கிப்போயிருந்தான். அந்த ஒளி விடாமல் விழுந்தால், சாயமேற்றிய செல்களின் பச்சை மினுமினுப்பு வெளுத்துவிடும். பாதி வெளுத்தே போயிருந்தது.

"எங்க அக்காவோட தோல்ல இருந்து எடுத்து, மூளை செல்லா வளர்த்தது. எத்தனை மாசம் காத்திருந்தேன் தெரியுமா?"

"மன்னிச்சிடுங்க... மழையைப் பார்த்தா எனக்கு வேற எதுவும் ஓடாது."

"அப்போ வெயில் காலத்துல மட்டும் வேலைக்கு வாங்க!"

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிச்சமிருந்ததை அவனுக்குக் காட்டினாள். இருட்டில் மெல்லிய பச்சை இழைகள்... ஒன்றையொன்று தேடிப் போகும் கைகள் போல. அக்காவின் மரபணு ஒன்றில் சிறு மாற்றம். அதனால் கருவிலேயே அவள் மூளையில் இந்த இழைகள் வேறு விதமாகக் கோத்துக்கொண்டன. அக்காவுக்குப் பேச்சு குறைவு, சத்தம் ஆகாது. அவள் சொல்லச் சொல்ல, அவன் லென்ஸை விட்டுவிட்டு அவள் கண்களையே பார்த்தான். அவளுக்குக் கன்னம் சுட்டது...

அன்று மாலை அவளை அழைத்துப்போக வாசலில் காத்திருந்த அக்கா, பக்கத்தில் யாரையும் அண்டவிடாத அக்கா, அடுத்த நாற்காலியில் அவனை உட்கார விட்டாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இருவருமாக மழை பார்த்தார்கள்.

மறுநாள் மாடிப்படியில் அவளைக் கண்டு அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவள் யாரோ போல் கடந்து போனாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அவனுக்குச் சுருக்கென்றது. படித்த திமிர்!

வேலை முடிந்த அன்று, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான். "இனிமே நான் வரமாட்டேங்க. படியில என்னைப் பார்க்காத மாதிரி போற கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்."

"படியில... அது நீங்களா?" "எனக்கு முகம் நினைவுல நிக்காது. குரல் கேட்டாத்தான் ஆள் தெரியும். அக்காவுக்கு இருக்கிற அதே மாற்றம் எனக்கும் இருக்கு. என்னை இத்தோட விட்டுடுச்சு போல... முகம் மறக்கிறது இதனாலதானான்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியல."

அவன் கோபம் போன இடம் தெரியவில்லை. "நான் வேற திமிர்னு நெனச்சு, ரெண்டு நாளா சரியா சாப்பிடக்கூட இல்ல."

"ஏன் சாப்பிடல?"

"ஏன்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அதுதானே பயம். ஆசையை வளர்த்துவிட்டு அப்புறம் சொல்வதைவிட இப்போதே...

"எனக்குப் பிறக்கிற குழந்தைக்கும் இது போகலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. போனா, என்னை மாதிரி தப்பிக்கலாம்... அக்கா மாதிரியும் ஆகலாம். அதான், கல்யாணமே வேண்டாம்னு இருக்கேன்."

கிளம்பத் தூக்கிய கருவிப்பெட்டியை அவன் கீழே வைத்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"பயம் எனக்கும் இருக்குங்க. இல்லன்னு சொன்னா பொய். ஆனா அப்படியொரு குழந்தை பிறந்தா, அதுக்கு என்ன பிடிக்கும், எந்தச் சத்தம் ஆகாதுன்னு நமக்குப் புரியவைக்க, வீட்டுலயே பெரியம்மா இருக்காங்களே..."

பெரியம்மா! அக்காவைப் பாவம் என்றார்கள், பாரம் என்றார்கள். இந்த உறவை யாரும் அக்காவுக்குக் கொடுத்ததில்லை. தங்கையான அவளேகூட நினைத்துப் பார்த்ததில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். "ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு."