இரண்டு தரம் தட்டினால்

ஆலங்குடாவில் அந்த வீட்டுக்கு நாங்கள் போய் இறங்கியது தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆடி மாதம், காலை பத்து மணிக்கு. லொறியில் இரண்டு மூட்டை பிளாஸ்டர், ஒரு சாக்கு நிறையத் தலைமயிர், மெழுகு, சாயப் போத்தல்கள், அவற்றுக்கு நடுவில் நான். முன்னால் சாரதியோடு என் புருசன் இராமலிங்கம். பின்னால் சாமான்கள் விழாமல் பிடித்துக்கொண்டு என் அண்ணன் சிவசுப்பிரமணியம். கொழும்பிலிருந்து ஒரு கம்பனி பேய்ப்படம் எடுக்க வந்திருந்தது. படத்துக்கு வேண்டிய பிணங்களைச் செய்து கொடுப்பது எங்கள் வேலை.

வீடு கடலுக்கு முதுகு காட்டி நின்றது. உள்ளே பழைய கருவாட்டு வாசம். எங்களுக்குத் தந்த அறைக்கு யன்னல் இல்லை, ஒற்றைக் கதவுதான். முன்பு உப்பு மூட்டை அடுக்கி வைத்த அறையாம். சுவரில் சாய்ந்தால் சட்டை ஈரமாகும். அந்த அறையில் கை வைத்த ஒரு தேக்கங் கதிரை மட்டும் கிடந்தது. யாரும் அதை எடுத்துப்போக விரும்பவில்லை போலும்.

சாவியைக் கொண்டுவந்து தந்தவர் பக்கத்து வீட்டுச் சாரா உம்மா. நாங்கள் இறக்கிய மெழுகுக் கைகளையும் அறுந்த காதுகளையும் பார்த்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"முகம் செய்றவங்களுக்கிட்ட மறுமையில அதுக்கு ரூஹு, உசிரு, ஊதச் சொல்லுவாங்களாம், மகள். ஊத ஏலுமா ஒங்களுக்கு?"

"ஊதிட்டாப் போச்சு, உம்மா," என்றேன்.

அப்போது எனக்கு வாய்க் கொழுப்பு அதிகம். கைவேலையும் அப்படித்தான். இரத்தம் செய்ய சீனிப்பாகும் சிவப்புச் சாயமும் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு கரண்டி கோப்பித்தூள் கலக்காவிட்டால் அது இரத்தம் இல்லை, கலியாண வீட்டுச் சர்பத்து. மெழுகுத் தலைக்கு மயிரை ஒட்டக் கூடாது. ஊசியை நெருப்பில் காட்டி ஒவ்வொன்றாகக் குத்தி இறக்க வேண்டும். ஒரு புருவத்துக்கே இரண்டு மணித்தியாலம் போகும். கோயில் சுதை வேலை செய்து பழகிய கை இராமலிங்கத்துக்கு. எலும்பு, தசை, காயம் எல்லாம் அவர் பக்கம். மயிர், தோல், நரம்பு என் பக்கம். செய்து முடித்த பிணத்துக்கு இரண்டு பேரும் இரண்டு பக்கத்தில் குந்தியிருந்து அழகு பார்ப்போம். எங்கள் கலியாணத்தில் நல்ல பொழுதுகள் எவை என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன்.

அண்ணன் மன்னாரில் படகு எஞ்சின் திருத்தியவன். சண்டை முற்றியபோது உடப்புக்கு, எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். யாருடைய படகுக்கு எஞ்சின் திருத்தினாய் என்று கேட்க இராணுவத்து ஆட்கள் தேடுவதாகக் கதை வந்தது. அதனால்தான் அவனைக் கூடவே கூட்டி வந்தோம். அவனுடைய வலக் கைச் சுட்டுவிரலின் நுனியை எஞ்சின் பட்டி எப்போதோ கொண்டு போய்விட்டது. அந்த மொட்டை விரலால் மேசையில் தட்டித் தாளம் போடுவான். தோல் மெலிந்த எலும்பு என்பதால் சத்தம் தனியாகக் கேட்கும்.

டொக், டொக்.

இரண்டு கிழமை நன்றாகப் போனது. பிறகு பெட்டிக்குள் இருக்கும் வெட்டுப்பட்ட தலை ஒன்று வேண்டும் என்றார் டிரெக்டர். அதற்கு உயிரோடிருக்கும் ஒருவருடைய முகத்தில் பிளாஸ்டர் அப்பி அச்சு எடுக்க வேண்டும்.

"மச்சான்ர முகத்தை எடுப்பம்," என்றார் இராமலிங்கம். "நல்ல எலும்பு."

அண்ணன் சிரித்துக்கொண்டு கதிரையில் போய்ச் சாய்ந்தான். மூக்கில் இரண்டு சோடாக் குழாய் வைத்தேன், மூச்சு விட அவ்வளவுதான் வழி. காதில் பஞ்சு. முகத்தில் வசிலின்.

"அண்ணா, பூசின பிறகு உனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது, வாயும் திறக்கேலாது. ஒருக்காத் தட்டினா நீ சுகம். ரெண்டு தரம் தட்டினா நான் உடனே கழட்டுவன். பக்கத்திலதான் நிப்பன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இராமலிங்கம் குழைத்துத் தர நான் பூசினேன். சும்மா தண்ணீரில் குழைத்த பிளாஸ்டர் இறுக இருபது நிமிடமாவது எடுக்கும். கடைசிக் கையளவு வைத்ததும் அண்ணன் ஒரு தரம் தட்டினான். சுகம்.

"கழட்ட எண்ணெய் காணாது. சாரா உம்மாட்டப் போய்த் தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு வா, தவம்," என்றார் அவர்.

"நிக்கிறன் எண்டு சொன்னனான்."

"நான் நிக்கிறன்தானே."

போனேன். பத்து நிமிடம் இருக்காது. திரும்பி வரும்போது பள்ளிவாசல் பக்கம் ஒரு வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. படக் கம்பனி வேன் என்று நினைத்தேன்.

கதிரையில் அண்ணன் இல்லை.

அச்சு நிலத்தில் குப்புறக் கிடந்தது. இராமலிங்கம் சுவரில் சாய்ந்திருந்தார்.

"மூச்சு முட்டிட்டுதாக்கும். புடுங்கி எறிஞ்சிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓடிட்டான். நான் போய்க் கூட்டியாறன்."

நம்பினேன். பன்னிரண்டு வருசம் ஒரே பாயில் படுத்தவளுக்கு நம்பாமல் என்ன செய்யத் தெரியும்? அவர் தேடப் போனார். அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. டிரெக்டர் தலையைக் கேட்டு நச்சரித்தார். கையைச் சும்மா வைத்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. அச்சுக்குள் மெழுகை ஊற்றித் தலையை எடுத்தேன்.

முகத்தில் அச்சு எடுத்தால் வருவது தூங்குகிற முகம். மூடிய கண், தளர்ந்த வாய். கோபமோ பயமோ வேண்டுமென்றால் நாங்கள்தான் பிறகு செதுக்க வேண்டும்.

இது அப்படி வரவில்லை.

புருவம் இறுகி, வாய் ஒரு பக்கமாகத் திறந்து, நாக்குத் தெரிந்தது. பிளாஸ்டர் இறுகும் முன் கத்தப் பார்த்த வாய்.

நான் இரவு பகலாக இருந்து சாயம் மட்டும் பூசினேன், மயிர் மட்டும் குத்தினேன். உளி வைக்கவில்லை. டிரெக்டர் தலையைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தப் பயத்தை எப்படிச் செதுக்கினாய், என் காலத்தில் இப்படி ஒரு வேலையைக் கண்டதில்லை என்று சிங்களத்தில் சொன்னார். கமராக்காரர், சமையற்காரர் எல்லோரும் வந்து பார்த்துவிட்டு என்னைக் கும்பிடாத குறை. வாழ்க்கை முழுக்க நான் ஏங்கிய பாராட்டு அது. அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியாமல் அறைக்கு ஓடினேன்.

அன்று பின்னேரம்தான் முதலில் கேட்டது.

டொக், டொக்.

வெளியே வெயில் எரிந்தது. காற்று தென்னோலையைப் போட்டு அடித்தது. அறைக்குள் நானும் அந்தக் கதிரையும்தான்.

டொக், டொக்.

கதிரையின் வலக் கையிலிருந்து. மொட்டை விரல்.

"அண்ணா?" என்றேன்.

கதிரைக்கடியில் சிந்தியிருந்த சீனி இரத்தத்தை எறும்புகள் மொய்த்திருந்தன. ஒரு சொட்டை மட்டும் எறும்பு தொடவில்லை. அதில் ஈ இருந்தது.

ராக்கைத் தட்டில் வைத்த அச்சைப் பார்த்தேன். மூக்குத் துளைகள் இரண்டும் என்னைப் பார்த்தபடி இருந்தன. மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்து, துளி துளியாக வியர்த்திருந்தது. பக்கத்தில், முக அச்சுக்கு முந்தின நாள் செய்த கை அச்சு ஒன்று நன்றாகக் காய்ந்து கிடந்தது. இரண்டும் ஒரே அறை, ஒரே மூட்டை, ஒரே கிணற்றுத் தண்ணீர்.

முக அச்சின் விளிம்பை உடைத்து உள்பக்கத்தை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

கை அச்சையும் உடைத்து வைத்துப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பு.

தண்ணீரில் உப்பைக் கரைத்துக் குழைத்தால் பிளாஸ்டர் ஐந்து நிமிடத்தில் கல்லாகும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். முகத்துக்கு அப்படிச் செய்யவே கூடாது, ஆள் பயந்தால் கழற்ற முடியாது என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். நான் எண்ணெய் வாங்கப் போகும் முன்னே, அண்ணன் சிரித்துக்கொண்டு சாயும் முன்னே, அந்த வாளிக்குள் உப்பு கிடந்திருக்கிறது.

நாலாம் நாள் மத்தியானம் வந்தான். ஆம், இனி மரியாதை வராது. கையில் ஒரு இறாத்தல் பாணும் வாழைப்பழமும்.

"தேடாத இடமில்ல, தவம்," என்று சொல்லிக் களைப்போடு அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்தான்.

அச்சை மடியில் வைத்துக்கொண்டு எதிரே குந்தினேன்.

"உப்புப் போட்டீங்களா?"

"அறையே உப்புத்தானே."

கை அச்சைத் தூக்கிக் காட்டினேன். அவனுக்குத் தொழில் தெரியும். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"மூண்டு தரம் ஆமிக்காரர் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சவங்கள்," என்றான். "நாலாந்தரம் போனா நான் திரும்பி வாறேல்ல. மச்சானைக் காட்டினா என்னை விடுறம் எண்டாங்கள். இழுபறியில்லாமத் தரச் சொன்னாங்கள்."

"அண்ணன் தட்டினவனா?"

அவன் தலையை ஆட்டினான்.

"எத்தனை தரம்?"

"ரெண்டு ரெண்டாத்தான்," என்றான். "விடாம."

எனக்கு அழுகை வரவில்லை. என்னை அவன் ஏமாற்றியதை விட, என் சத்தியத்தை வைத்து அண்ணனை ஏமாற்றியதுதான் உடம்பை எரித்தது. நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று நம்பித்தானே அவன் தட்டியிருப்பான்.

காற்று நின்றது.

தென்னோலைச் சத்தம் இல்லை. கடல் இரைச்சலும் இல்லை. அறையில் ஈரப் பிளாஸ்டர் வாசம் எழுந்தது. நாங்கள் குழைத்து நாலு நாள்.

இராமலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாய் திறக்கவில்லை.

கண் இமைகள் தாமாக மூடின. முகத்திலிருந்து நிறம் இறங்கியது. நெற்றி வெளுத்தது, கன்னம் வெளுத்தது, மூக்கைச் சுற்றி இரண்டு வட்டம் மட்டும் மனிதத் தோலாக மிஞ்சியது. அந்த வட்டங்களுக்குள் மூச்சு சீறியது.

அவன் கை கதிரையில் எழுந்தது.

டொக், டொக்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

டொக், டொக்.

என் சத்தியம் அண்ணனுக்குச் சொன்னது. இவனுக்குச் சொன்னதில்லை.

"கழட்ட எண்ணெய் காணாது," என்றேன். "வாங்கிக்கொண்டு வாறன்."

எழுந்து வெளியே போனேன். ஆறுதலாகத்தான் போனேன். சாரா உம்மா தேத்தண்ணி தந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. கரைத்தீவில் கட்டிக் கொடுத்த தன் மகள் ஸக்கியாவின் பிள்ளைப்பேற்றைப் பற்றிச் சொன்னார், முழுவதும் கேட்டேன். எண்ணெய்ப் போத்தலோடு திரும்பியபோது காற்று பழையபடி அடித்துக்கொண்டிருந்தது.

கதிரை வெறுமையாக இருந்தது.

நிலத்தில் ஒரு புதிய அச்சு. தொட்டால் சூடு. மூட்டைகளின் கட்டு அவிழவில்லை. வாளி காய்ந்து கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். உள்ளே இராமலிங்கத்தின் முகம் குழிந்து கிடந்தது. வெளிப்பக்கத்தில், ஈரத்தில் அழுத்திப் பூசிய கையின் தடம். நாலு விரல் முழுதாக, சுட்டுவிரல் மொட்டையாக.

இரண்டு பேரையும் தேடித் தரச் சொல்லி விண்ணப்பம் எழுதினேன். ஒன்றைத்தான் மனதார எழுதினேன். படம் ஓடியது. அந்தத் தலைதான் படத்தின் உயிர் என்று டிரெக்டர் கடிதம் போட்டிருந்தார்.

இப்போது உடப்பில் இருக்கிறேன். அச்சு இரண்டும் அலுமாரிக்கு மேல். உப்புப் போட்டது எப்போதோ காய்ந்துவிட்டது. உப்புப் போடாதது இன்னும் காயவில்லை. அதன் மூக்குத் துளைகளுக்கு நேரே கை வைத்தால் இளஞ்சூடாகப் படும்.

சில மத்தியானங்களில் அலுமாரிப் பலகையில் தட்டும் சத்தம் கேட்கும். மொட்டை விரல் அல்ல, முழு விரல். இரண்டு தரம், பிறகு இரண்டு தரம்.

எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு நான் வெளியே போய்விடுவேன்.