ஸ்கேன் படங்கள் மறைந்த நாற்பது நிமிடம்

ஷிவமொக்காவிலிருந்து புகார்க் கடிதம் வந்த காலை கம்ப்யூட்டர் மெஷின்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார்களை விசாரிக்கும் வசுதா உடுப்பாவின் மேசையருகே ராச்சப்பா நிற்க வேண்டிய அவசியமே இல்லை. உதிரி பாகங்களை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போய்ச் சேர்க்கும் டிரைவர் அவர். ஆனால் ஏதாவது மர்மம் என்று காதில் விழுந்துவிட்டால் வண்டிச் சாவியைத் தேடுவது போல அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார். ஐம்பத்திரண்டு வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். வசுதாவுக்கும் அது தெரியும். அவர் சுற்ற வசதியாகக் கடிதத்தை வாய்விட்டே படித்தாள்.

"நேற்றுக் காலை உங்கள் ஆள் தேவய்யா, எங்கள் மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் சேமித்திருக்கும் ஸ்டோரேஜில் பழுதான கன்ட்ரோலரை மாற்றினார். சரியாகப் பொருத்தாததால் 11.22 மணிக்குப் புது கன்ட்ரோலர் தானாகவே கழன்றுவிட்டது. நாற்பது நிமிடம் ஒரு படமும் திறக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்த குழந்தையை ஆபரேஷன் மேசையில் வைத்துக்கொண்டு டாக்டர்கள் காத்திருந்தார்கள். இப்படிக்கு, நரஹரி ஜோயிஸ், கம்ப்யூட்டர் பிரிவுப் பொறுப்பாளர்."

மேனேஜர் உள்ளேயிருந்து வந்தார். "மெஷினோட பதிவேட்டைப் பாத்துட்டேன் வசுதா. 11.22க்கு வெளியே வந்தது மேல் கன்ட்ரோலர். 11.24க்கு அதுவே திரும்ப உள்ளே போயிருக்கு. தேவய்யா புதுசைப் போட்டது கீழே. வேலை செஞ்சிட்டிருந்ததைத் தப்பா உருவிட்டு, பயந்து திருப்பிச் சொருகிட்டான். இதுல துப்பறிய என்ன இருக்கு? சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவனை வேலையை விட்டு நிறுத்தற கடிதம் போகுது."

"அஞ்சு மணி வரைக்கும் அவன் நம்ம ஆள்தானே சார்?" என்றாள் வசுதா. "ராச்சப்பண்ணா, சாவி கிடைச்சுதா?"

சாவி ஆரம்பத்திலிருந்தே ராச்சப்பாவின் கையில்தான் இருந்தது.

தேவய்யாவுக்கு மூன்று வருடமாக ஒப்பந்த வேலை. இந்த மாதம்தான் நிரந்தரமாக வேண்டியது. இந்தக் கறுப்புப் புள்ளி விழுந்தால் இந்தத் தொழிலில் வேறெங்கும் வேலை கிடைக்காது. வண்டி தும்கூரைத் தாண்டும் வரை ராச்சப்பா இதையே சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பையன் சொந்த ஊரான மடிகேரிக்குப் போய்வரும்போதெல்லாம் அவருக்கென்று காப்பித் தூள் கொண்டுவந்து கொடுப்பவன். அவருக்கு அவன்மேல் தனிப் பிரியம்.

"எனக்கு ஒண்ணு புரியல மேடம். கன்ட்ரோலர் ரெண்டு இருக்கே. ஒண்ணை உருவினா இன்னொண்ணு பாத்துக்காதா?"

"ரெண்டு டிரைவர் இருக்கிற பஸ்தான் அது. ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் ஓட்டுவார். ஆனா நேத்து ஒரு டிரைவர் அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கார். பழைய டிரைவர்கிட்ட ரூட்டு கத்துக்க அவருக்கு ரெண்டு மணி நேரம் வேணும். அதுக்குள்ள பழையவரைக் கையைப் பிடிச்சு இறக்கிட்டா?"

"பஸ் நடுரோட்டுல நின்னுடும்."

"நின்னுடுச்சு. திரும்பக் கிளம்ப நாப்பது நிமிஷம்."

ராச்சப்பா தலையாட்டிக்கொண்டே ஸ்டியரிங்கைத் துடைத்தார். பத்து நாளைக்கு முன் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் ஸ்டியரிங்கிலும் கண்ணாடியிலும் கியர் தலையிலும் இன்னும் அழியவில்லை. உள்ளங்கையெல்லாம் சிவப்பு. "பூஜை போட்டும் இப்படி ஆகுதே" என்று அலுத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் தேவய்யா கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. முந்தைய நாள் மதியத்திலிருந்து அவன் சாப்பிடவில்லை என்பதை, பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்றிருந்த துப்புரவுப் பணியாளர் கௌரம்மா அவன் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

"நேத்து நான்தான் இவனைக் கேன்டீனுக்கு இழுத்துட்டுப் போனேன். காலையிலிருந்து பட்டினி. பதினொண்ணு அடிச்சதும் ரூமைப் பெருக்கி முடிச்சேன். புதுசா வந்ததுக்கும் ஒரு பொட்டு வச்சேன். வா மகனே, ஒரு அக்கி ரொட்டி தின்னுட்டு வந்து உன் மெஷினைக் கட்டிக்கோன்னு கூட்டிட்டுப் போனேன். தப்பாம்மா?"

"தப்பே இல்ல" என்றாள் வசுதா. "அறைக்கு யார்கிட்ட சாவி?"

"என்கிட்ட ஒண்ணு, ஜோயிஸ் சார்கிட்ட ஒண்ணு. இவனுக்கு நான் திறந்துவிட்டேன். போறப்போ நானே பூட்டினேன்."

ராச்சப்பா உடனே கேன்டீனுக்கு ஓடினார். சாட்சி கிடைத்துவிட்டது என்ற முகத்தோடு போனவர் வாடிப்போய்த் திரும்பி வந்தார். "ரெண்டு பேரும் வந்தாங்களாம் மேடம். எத்தனை மணிக்குன்னு தெரியாதாம். கடிகாரம் நின்னு ஆறு மாசம் ஆச்சாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. பையனோட கைக்குட்டையைப் பாருங்க. சட்டைப் பையில இருக்கு. ரத்தக்கறை."

தேவய்யா கைக்குட்டையை எடுத்து விரித்தான். வசுதா முகர்ந்து பார்த்தாள். "குங்குமம்."

"ஆமா மேடம். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னால ரெண்டு கன்ட்ரோலரோட நம்பரையும் போட்டோ எடுக்கணும் இல்லையா? மேல இருக்கறதுல நம்பர் மேலயே பொட்டு. துடைச்சுட்டு எடுத்தேன்." போனைக் காட்டினான். 9.50 மணிப் படத்தில் மேல் கன்ட்ரோலரின் நெற்றி துடைத்து வைத்த பாத்திரமாகப் பளிச்சென்றிருந்தது. கழற்றிய பழுதான கன்ட்ரோலர் அட்டைப் பெட்டியில் கிடந்தது. அதில் பொட்டு அப்படியே இருந்தது.

"மேடம், நான் மேல இருந்ததைத் தொடவே இல்ல. நீங்களாவது நம்புங்க. அந்தப் பாப்பா எப்படி இருக்காளோ. போய்ப் பாக்கக்கூடப் பயமா இருக்கு."

வசுதா அவன் தோளைத் தட்டினாள். பிறகு உள்ளே போய் ரேக்கின் பின்பக்கம் குனிந்தாள். இரண்டு கன்ட்ரோலர்களும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பச்சை விளக்கு. எது ஒன்று, எது இரண்டு என்று பொறித்திருந்த எழுத்து வயர்க் கொத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. கீழே இருந்ததில் கௌரம்மாவின் பொட்டு வட்டமாக, அழகாக இருந்தது. மேலே இருந்தது வெறுமை.

"ராச்சப்பண்ணா, எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க. டாக்டரையும்."

மூன்று மணிக்கு அந்தக் குளிர்ந்த அறையில் ஐந்து பேர் வசுதாவைச் சுற்றி நின்றார்கள். மருத்துவமனைத் தலைவர் டாக்டர் ஹசீனா கையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஜோயிஸ் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். பன்னிரண்டு வருடமாக இந்த அறையைச் சொந்தப் பூஜை அறை போலப் பார்த்துக்கொண்டவர் அவர். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் அவர் கையாலேயே பொட்டு வைப்பார்.

"ஒரே ஒரு கேள்வி" என்றாள் வசுதா. "இதுல புதுசு எது, மேலயா கீழயா? யாரும் யாரையும் பாக்காம என் காதுல வந்து சொல்லுங்க."

தேவய்யா சொன்னான். கௌரம்மா சொன்னார். ஜோயிஸும் குனிந்து, தயங்காமல் சொன்னார். வசுதா நிமிர்ந்தாள். அந்த முகத்தை ராச்சப்பாவுக்குத் தெரியும். விடை கிடைத்துவிட்டது, ஆனால் அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தேவய்யா கீழேன்னு சொன்னான். போட்டவனே அவன்தான். கௌரம்மாவும் கீழேன்னாங்க. பொட்டு வச்சவங்களே அவங்கதான். நேத்து வெளியே வந்தது மேல இருந்த பழசு. புதுசு கீழதான்னு தெரிஞ்ச ஆள் மேல இருந்ததை ஏன் தொடணும்? மேல இருக்கறதுதான் புதுசுன்னு நினைச்ச ஒருத்தர்தான் அதை உருவியிருக்க முடியும்." அவள் திரும்பினாள். "ஜோயிஸ் சார், நீங்க மேலேன்னு சொன்னீங்க."

ஜோயிஸ் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"உங்க மேல தப்பில்ல சார். பூஜையில எல்லாத்துக்கும் பொட்டு வச்சது நீங்க. அதனால பொட்டு இல்லாததுதான் புதுசுன்னு முடிவு பண்ணீங்க. சரியான கணக்குதான். ஆனா காலையில தேவய்யா பழசோட பொட்டைத் துடைச்சுட்டான். பதினொரு மணிக்குக் கௌரம்மா புதுசுக்குப் பொட்டு வச்சுட்டாங்க. ரெண்டு பேருமே நல்ல மனசோட செஞ்சது. உங்க கணக்கு மட்டும் தலைகீழாப் போச்சு."

"இது வெறும் ஊகம்" என்றார் டாக்டர் ஹசீனா.

"காலையில கடிதத்தைப் படிச்சப்பவே எனக்கு உறுத்துச்சு டாக்டர். 'கழன்றுவிட்டது'ன்னு எழுதியிருக்கார். பதிவேட்டைப் பாத்திருந்தா, ரெண்டு நிமிஷத்துல அது திரும்ப உள்ளே போனதும் தெரிஞ்சிருக்கும், 'தானாகவே'ன்னு எழுதியிருக்க மாட்டார். பாக்கல. அவர் மேசையிலிருந்து பாத்தா கன்ட்ரோலர் தயாரில்லை, படம் வரலைங்கறது மட்டும்தான் தெரியும். ஒரு கன்ட்ரோலர் வெளியே வந்த விஷயம் அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? கையில பிடிச்சவருக்குத்தான் தெரியும்."

ஜோயிஸ் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஸ்கிரீன்ல 'ஒரு கன்ட்ரோலர் தயாரில்லை'ன்னு வந்துட்டே இருந்துது. ஆபரேஷன் ஆரம்பிக்கப் போறாங்க. இங்க வந்து பாத்தேன், இந்தப் பையனைக் காணோம். புதுசு சரியா உக்காரல போல, ஒரு தடவை எடுத்துப் போட்டா சரியாயிடும்னு நினைச்சேன். உருவின நிமிஷமே மேல மாடியிலிருந்து போன் அடிக்க ஆரம்பிச்சுடுச்சு." அவர் மேல் கன்ட்ரோலரைப் பார்த்தார். "பையன் சரியா மாட்டலன்னுதான் சத்தியமா நம்பினேன். ஆனா நான் தொட்டேன்னு எழுதறதுக்குக் கை வரல. பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட இது நின்னதில்ல டாக்டர்."

ராச்சப்பா அவரை வெறுத்துவிடுவது என்று முடிவு செய்து பார்த்தார், முடியவில்லை.

டாக்டர் ஹசீனா வாய் திறப்பதற்குள் தேவய்யா முந்திக்கொண்டான். "டாக்டர், சார் ரெண்டே நிமிஷத்துல அதைத் திருப்பி மாட்டினார். பயந்து அப்படியே விட்டுட்டு ஓடியிருந்தா நாப்பது நிமிஷத்துல படம் வந்திருக்காது. நானும் பொட்டைத் துடைச்சதை யார்கிட்டயும் சொல்லல. புதுசு கத்துக்கிற நேரத்துல மெஷினை விட்டுச் சாப்பிடப் போயிருக்கக்கூடாது. அது என் தப்பு."

"பாத்தீங்களா, ரொட்டி போட்ட என்னையும் மாட்டிவிடறான்" என்றார் கௌரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

டாக்டர் ஹசீனாவின் கட்டிய கை பிரிந்தது. "ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன். ஆனா ஜோயிஸ், இன்னொரு கடிதம் எழுதணும் நீங்க."

ஜோயிஸ் அங்கேயே, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எழுதினார். நான்கு வரிதான். முதல் வரி, "உருவியது நான்." மணி நான்கரைக்கு வசுதா அதைப் படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பினாள். பத்து நிமிடம் கழித்து, அஞ்சு மணிக் கடிதம் போகாது என்று பதில் வந்தது. தேவய்யா அதை இரண்டு முறை படித்தான். பிறகுதான் அவனுக்குப் பசி தெரிந்தது. கௌரம்மா தட்டோடு வந்து நின்றபோது மறுக்கவில்லை.

புறப்படும் முன் வசுதா வயர்க் கொத்தை ஒதுக்கிக் கட்டி, மேல், கீழ் என்று பெரிய எழுத்தில் ஒட்டினாள். மேல் கன்ட்ரோலருக்கும் கௌரம்மா பொட்டு வைத்தார், நம்பரை விட்டுத் தள்ளி.

"இது எலியோட வேலையாத்தான் இருக்கும்னு நான் நினைச்சேன் மேடம்" என்று ராச்சப்பா வண்டியை நோக்கி நடந்தபடி ஒப்புக்கொண்டார்.

"கைக்குட்டையைப் பாத்தது நீங்கதானே அண்ணா. அது இல்லாம நான் எங்க போயிருப்பேன்?"

ராச்சப்பாவுக்கு அதற்கு மேல் நடக்கத் தோன்றவில்லை. சற்று நின்றார். அப்போது குழந்தைகள் வார்டின் வாசலில் தேவய்யா நிற்பது தெரிந்தது. உள்ளே போகக் கால் வராமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான். உள்ளே தொடையில் கட்டோடு அந்தச் சிறுமி மண்டக்கிப் பொரியைக் கொறித்துக்கொண்டே அப்பாவிடம் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜோயிஸ் பின்னாலிருந்து வந்து அவன் கையைப் பிடித்தார். "வா, நானும் வரேன். முதல்ல நான் பேசறேன்."